ரிமோட் அவர்கள் கையில் இருக்கட்டும்

ஃபயர் டிவி ஸ்டிக் மாதிரியான ஒரு சாதனத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து, டிவியின் பின்னால் செருகி, வைஃபை பாஸ்வேர்டு போட்டுப் படம் ஓடவிட அரை மணி நேரம் போதும். விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் அதைச் செய்துவிட்டுத்தான் ஊர் திரும்புகிறார்கள். அவர்கள் போன இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ எனக்குப் போன் வரும். "டெலிபோன் அம்மா, கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா? டிவியில நீலமா என்னமோ நிக்குது."

நான் கும்பகோணத்துக்காரி. தொலைபேசித் துறையில் சேர்ந்து, டிரங்க் கால் போர்டில் உட்கார்ந்து, பிறகு பில் கவுண்டர், பிராட்பேண்ட் பிரிவு என்று மாறி, 2020 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். விருப்ப ஓய்வில் வெளியே வந்தேன். நாடு முழுவதும் எழுபத்தெட்டாயிரம் பேருக்கு மேல் அந்த ஒரே திட்டத்தில் ஓய்வு பெற்றோம். அதே ஆண்டு கொரோனா வந்தது. கோயில் இல்லை, கச்சேரி இல்லை, பேரன் பேத்தி வருவதில்லை. எங்கள் தெருவில் தனியாக இருந்த பெரியவர்களுக்கு டிவிதான் வாசல் ஆயிற்று. அப்போது தொடங்கியது இந்த வேலை. காசு வாங்குவதில்லை, காபி கொடுத்தால் குடிப்பேன்.

முதலில், இந்தச் சாதனம் என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். கேபிளில் நிகழ்ச்சி அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. டிவியைப் போட்டால் நாம் பாதியில் போய்ச் சேர்ந்துகொள்கிறோம். ஸ்டிக் அப்படி இல்லை. அது ஒரு சின்னக் கம்ப்யூட்டர். வீட்டு இன்டர்நெட் வழியாக, நாம் கேட்டதை மட்டும் எங்கோ இருக்கும் சர்வரிலிருந்து வரவழைத்துத் திரையில் காட்டும். கேட்காவிட்டால் ஒன்றும் வராது. படங்களை அடுக்கிவைத்துக் காத்திருக்கும். பெரியவர்கள் தடுமாறுவது இங்கேதான். நாற்பது வருஷமாக டிவி அவர்களுக்கு எதையாவது கொடுத்துக்கொண்டே இருந்தது. இப்போது "என்ன வேண்டும்?" என்று திருப்பிக் கேட்கிறது.

"இந்த வயசுல இதெல்லாம் அவங்களுக்கு ஏறாது மேடம்" என்று பிள்ளைகள் என்னிடம் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். எழுபத்தைந்து வயதான ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியபோது அவர் இளைஞர். எங்கள் தஞ்சைப் பக்கத்துக்கு அந்த ஒளிபரப்பு எட்டவில்லை. எண்பதுகளில் மாடியில் மூங்கில் கட்டி, ஆன்டெனாவை இலங்கைப் பக்கமாகத் திருப்பி, பூஸ்டர் வைத்து ரூபவாஹினி பார்த்த ஊர்கள் இவை. ஒருவர் மாடியில் ஆன்டெனாவைத் திருப்ப, கீழே இருப்பவர் "தெரியுது, தெரியுது, போச்சு" என்று கத்துவார். பிறகு தூர்தர்ஷன் வந்தது. 1993 ஏப்ரலில் சன் டிவி, தெருத்தெருவாகக் கேபிள். 2006-இல் ஆட்சிக்கு வந்த அரசு கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சி. 2011-இல் மாதம் 70 ரூபாய்க்கு அரசு கேபிள். அப்புறம் செட்டாப் பாக்ஸ். 2019 பிப்ரவரியில் எந்தச் சேனல் வேண்டும் என்று நாமே தேர்ந்தெடுத்துப் பணம் கட்டும் முறை. இத்தனையையும் இவர்கள் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டு வந்தவர்கள். இந்தியாவில் ஃபயர் டிவி ஸ்டிக் விற்பனைக்கு வந்தது 2017-இல். முந்தைய மாற்றங்களுக்கெல்லாம் ஆண்டுக்கணக்கில் நேரம் கிடைத்தது. இதற்கு மட்டும் மகன் விமானம் ஏறுவதற்கு முந்தைய மாலை.

அந்த மாலையில் என்ன நடக்கிறது என்று பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். மகன் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இங்க பாரும்மா, இத அமுக்கு, அப்புறம் இது, அப்புறம் கீழ வா, அவ்ளோதான்" என்பான். திரையில் ஏழெட்டுப் பக்கங்கள் ஓடி மறையும். அம்மா தலையை ஆட்டுவாள். புரியவில்லை என்று சொன்னால் பிள்ளை சலித்துக்கொள்வானோ என்ற பயத்தில் ஆட்டும் தலை அது.

அதனால் நான் ஒரே ஒரு விதி வைத்திருக்கிறேன். ரிமோட்டை நான் தொடுவதில்லை. பேட்டரி போட்டு அவர்கள் கையில் கொடுத்தால், நான் கிளம்பும்வரை அது அவர்கள் கையில்தான். தவறாக அழுத்தினால் தவறான இடத்துக்குப் போகட்டும். எவ்வளவு நேரம் ஆனாலும் விரல் அவர்களுடையதாக இருக்க வேண்டும். டிரங்க் கால் போய் எஸ்.டி.டி. வந்த காலத்தில் இதைக் கற்றுக்கொண்டேன். எண்ணைச் சீட்டில் எழுதி நீட்டி, "நீங்களே போட்டுக் குடுத்துடுங்களேன்" என்பார்கள். நான் சுழற்றிக் கொடுத்தவர்கள் மறுமுறையும் சீட்டோடு வந்தார்கள். தாங்களே சுழற்றியவர்கள் திரும்ப வரவில்லை.

முதல் நாள் சொல்லித்தருவது மூன்று பட்டன் மட்டும். வட்டம், அதன் நடுவில் இருக்கும் பொத்தான். பின்னால் போக, வளைந்த அம்புக்குறி. வீட்டுப் படம் போட்ட ஹோம். எங்கே மாட்டிக்கொண்டாலும் ஹோமை அழுத்தினால் முதல் பக்கம் வந்துவிடும். இதை வாயால் சொல்லி நிறுத்தினால் பலனில்லை. வேண்டுமென்றே தொலைந்துபோகச் சொல்வேன். "கண்ணை மூடிக்கிட்டு நாலஞ்சு பட்டனை அமுக்குங்க பெரியம்மா. இப்ப வீட்டுக்கு வாங்க." வந்துவிடுவார்கள். மறுபடி தொலைவார்கள், மறுபடி வருவார்கள். எதையோ அழுத்திக் கெடுத்துவிடுவோம் என்ற பயம் இப்படித்தான் போகிறது. அந்தப் பயம் போன பிறகு யூடியூபைத் திறப்பது, தேடுவது எல்லாம் தானாக வரும்.

ஸ்டிக்கின் ரிமோட் சின்னது, கறுப்பு, வழுவழுப்பு. ஹோம் பட்டன் மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவிடுவேன். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரியும். திருபுவனத்தில் பட்டுத்தறியில் வாழ்நாளெல்லாம் உட்கார்ந்த பெரியவர் ஒருவர் பொட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "இனிமே ரிமோட்டப் பாக்கவே வேணாம்மா, திரையப் பாத்தா போதும்" என்றார். இழை அறுந்ததை விரலால் கண்டுபிடித்தவர் அவர். அவருக்கு நான் சொல்லித்தர வேண்டியிருந்தது மிகக் கொஞ்சம்.

"நீலமா நிக்குது" என்ற போனுக்கு வருகிறேன். எனக்கு வரும் அழைப்புகளில் அதிகமானது இதுதான். ஸ்டிக் ஹெச்.டி.எம்.ஐ. துளையில் இருக்கும், கேபிள் பாக்ஸ் இன்னொரு துளையில் இருக்கும். எந்தத் துளையிலிருந்து படம் வர வேண்டும் என்று டிவிக்குச் சொல்வது டிவி ரிமோட்டில் இருக்கும் சோர்ஸ் பட்டன். சில ரிமோட்டில் இன்புட் என்று போட்டிருக்கும். யாராவது கை தவறி அதை அழுத்தினால் திரை காலியாகி, 'நோ சிக்னல்' என்று ஆங்கிலத்தில் நிற்கும். டிவி கெட்டுவிட்டது என்று நினைத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டவர்கள் உண்டு. சோர்ஸ் பட்டனுக்கு வேறு நிறத்தில் ஒரு பொட்டு. ஒரு தாளில் "கேபிள் – ஹெச்.டி.எம்.ஐ. 1, ஸ்டிக் – ஹெச்.டி.எம்.ஐ. 2" என்று அவர்களையே எழுதச் சொல்லி டிவி ஸ்டாண்டில் ஒட்டச் சொல்வேன். அவர்கள் கையெழுத்து என்றால் அவர்களுக்குப் படிக்க வரும். பல டிவிகளில் சி.இ.சி. என்று ஒரு வசதி இருக்கிறது. ஒவ்வொரு கம்பெனியும் அதற்கு வேறு வேறு பெயர் வைத்திருக்கும். அமைப்புகளில் போய் அதை ஆன் செய்துவிட்டால், ஸ்டிக் ரிமோட்டில் ஹோமை அழுத்தியதும் டிவி தானே ஸ்டிக்குக்கு மாறிக்கொள்ளும். பாதி அழைப்புகள் அதிலேயே நின்றுவிடும்.

மாட்டும் வேலையில் கவனிக்க வேண்டியவை சிலவற்றையும் சொல்கிறேன். ஸ்டிக்குக்கு மின்சாரம் அதனுடன் வந்த அடாப்டரிலிருந்தே வரட்டும். பிளக் பாயின்ட் தூரம் என்று டிவியின் யூ.எஸ்.பி. துளையில் செருகிவிடுகிறார்கள். அங்கே கிடைக்கும் மின்சாரம் பல டிவிகளில் போதாது; ஸ்டிக் நடுவில் அணைந்து அணைந்து வரும். எங்கள் ஊரின் பழைய வீடுகளில் ஃபைபர் இணைப்பு ரேழியில் வந்து நிற்கும், டிவி கூடத்துக்கு அப்பால் இருக்கும், நடுவில் கனமான சுண்ணாம்புச் சுவர்கள். ரவுட்டரில் 2.4, 5 என்று இரண்டு வைஃபை தெரிந்தால், இப்படிப்பட்ட வீட்டுக்கு 2.4-தான் சரி. வேகம் குறைவு, ஆனால் சுவர் தாண்டி வரும். கரண்ட் போய் வந்தால் ஸ்டிக் சீக்கிரம் எழுந்துவிடும், ரவுட்டர் எழச் சில நிமிடங்கள் ஆகும். அந்த இடைவெளியில் 'இன்டர்நெட் இல்லை' என்று காட்டும். ஒரு காபி போட்டுக் குடித்துவிட்டு வந்து பாருங்கள் என்று முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

படத்தை நிறுத்திவிட்டு எழுந்துபோய்த் திரும்பினால் திரையில் மலையும் கடலும் ஓடிக்கொண்டிருக்கும். அது ஸ்கிரீன் சேவர். எந்தப் பட்டனை அழுத்தினாலும் போய்விடும். தொடர்ந்து நெடுநேரம் ஓடினால், இன்னும் பார்க்கிறீர்களா என்று கேட்டு நின்றுவிடும்; நடுப்பொத்தானை அழுத்தினால் தொடரும். இன்னொன்று பலரைத் திகைக்கவைக்கிறது. ஃபயர் டிவி ரிமோட்டில் பின்னால் போகும் பட்டனையும் மூன்று கோடு போட்ட மெனு பட்டனையும் சேர்த்து இரண்டு விநாடி பிடித்தால், திரையில் இருப்பதையெல்லாம் ஒரு குரல் படிக்கத் தொடங்கும். பார்வை இல்லாதவர்களுக்காக வைத்த அருமையான வசதி. தெரியாமல் அமுங்கிவிட்டால் டிவிக்குள் யாரோ பேசுகிற மாதிரி இருக்கும். அதே இரண்டையும் மறுபடி பிடித்தால் நின்றுவிடும். கண் புரை உள்ளவர்களுக்கு எழுத்தை அழுத்தமாகக் காட்டும் வசதியும் திரையைப் பெரிதாக்கும் வசதியும் ஸ்டிக்கின் அமைப்புகளில் இருக்கின்றன. காது மந்தமானவர்களுக்கு சப்டைட்டிலைப் போட்டு, எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுங்கள். தமிழ்ப் படத்துக்கு எதற்கு சப்டைட்டில் என்று கேட்காதீர்கள். வசனம் காதில் விழாமல், விழுந்த மாதிரி சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது கணக்கு. இதில்தான் பிள்ளைகளோடு எனக்கு வாக்குவாதம் வருவது. ஸ்டிக்கைத் தன் பெயரில், தன் போன் நம்பரில் பதிந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு இங்கே ஏதோ ஒரு ஆப் மறுபடி லாகின் கேட்கும். ஓ.டி.பி. நியூஜெர்சிக்குப் போகும். அங்கே அப்போது விடியவில்லை. அம்மா மகனை எழுப்ப மாட்டாள். டிவியை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவாள். கூட இன்னொரு சங்கடம்: அமெரிக்காவிலிருந்து வாங்கி வந்து அந்த நாட்டுக் கணக்கிலேயே பதிந்த ஸ்டிக்கில், நம் ஊர் ஆப்கள் சில கண்ணில் படுவதே இல்லை. ஆகவே, இங்கேயே ஒரு கணக்கு, அப்பா அல்லது அம்மா பெயரில், அவர்கள் போன் நம்பரில். பணத்தை மகன் கட்டட்டும், தவறில்லை. சாவி வீட்டில் இருப்பவரிடம் இருக்க வேண்டும்.

பாஸ்வேர்டைத் திரையில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டும் கஷ்டம் பெரும்பாலும் தேவையில்லை. பல ஆப்கள் திரையில் ஒரு கட்டமோ எண்ணோ காட்டும். போனில் அதை ஸ்கேன் செய்தாலோ தட்டினாலோ போதும். அந்த இடத்தில்தான் திருடர்கள் காத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். "ஆக்டிவேட் ஆகல" என்று கூகுளில் தேடினால் போலி உதவி எண்கள் வரும். கூப்பிட்டால் இனிமையாகப் பேசி, பதிவுக் கட்டணம் என்று பணம் கேட்பார்கள். அல்லது போனில் எனிடெஸ்க் போன்ற ஆப்பை ஏற்றச் சொல்வார்கள். ஏற்றிவிட்டால் உங்கள் போன் அவர்கள் கையில். ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே இந்த ஆப்பின் வழியாக நடக்கும் மோசடி பற்றி எச்சரித்தது. ஸ்டிக்கைப் பதிவு செய்யக் கட்டணம் கிடையாது. யூடியூபை டிவியில் இணைக்கவும் கட்டணம் கிடையாது. யார் கேட்டாலும் திருடன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். இந்த எண்ணையும் டிவி ஸ்டாண்டில் ஒட்டிய தாளில் எழுதிவைக்கச் சொல்கிறேன்.

தானாகப் பணம் பிடிக்கும் சந்தாக்களில், பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாக வங்கி தகவல் அனுப்ப வேண்டும் என்பது 2021 அக்டோபர் முதல் நடைமுறை. அந்த எஸ்.எம்.எஸ். வந்தால் படிக்கப் பழக்குங்கள். ஸ்டிக்கில் எதையும் வாங்க பின் நம்பர் கேட்கும்படி அமைத்துவிடுங்கள். அழுத்தினால் பணம் போய்விடுமோ என்ற நடுக்கம் இல்லாமல் அவர்கள் சுற்றிப் பார்க்கலாம். புதிதாகச் சந்தா கட்டும் முன், வீட்டு ஃபைபர் திட்டத்திலேயே எந்த ஆப் இலவசமாக வருகிறது என்று கேளுங்கள். ஏற்கெனவே கிடைப்பதற்கே இரண்டாம் முறை பணம் கட்டும் வீடுகள் நிறைய.

எந்த ஆப் வைப்பது? ஆளைக் கேட்டுத்தான். எங்கள் தெரு ஓய்வுபெற்ற தமிழாசிரியருக்கு யூடியூபில் பட்டிமன்றமும் பழைய சொற்பொழிவும் போதும். வேறெதையும் அவர் திறப்பதில்லை. சீரியல் பார்ப்பவர்களுக்கு எந்தச் சேனல் சீரியலோ அந்த ஆப். தேவையானவற்றை வரிசையின் முன்னால் நகர்த்திவிட்டு மற்றவற்றை நீக்கிவிடுகிறேன். ஆனால் ஆப்பின் படம் இருக்கும் இடத்தை மனப்பாடம் செய்யவைக்கக் கூடாது, ஏனென்றால் எல்லாம் மாறும். 2025 பிப்ரவரியில் ஹாட்ஸ்டாரும் ஜியோசினிமாவும் இணைந்து ஜியோஹாட்ஸ்டார் ஆனபோது, "நான் பாத்துக்கிட்டிருந்தது எங்க போச்சு?" என்று ஒரு வாரம் எனக்குப் போன் வந்துகொண்டிருந்தது. பெயர் மாறும், நிறம் மாறும், ஹோமுக்குத் திரும்பி நிதானமாகத் தேடினால் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் மட்டும் கூப்பிடவில்லை. குரலில் தேடுவதும் நல்ல வழி. மைக் பட்டனைப் பிடித்துக்கொண்டு படத்தின் பெயரையோ பாடகர் பெயரையோ மட்டும் சொல்லச் சொல்லுங்கள். நீளமாக வாக்கியமாகப் பேசினால்தான் அது குழம்புகிறது.

இரண்டாம் முறை போவது முக்கியம். நாலைந்து நாள் கழித்துப் போய், ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் பார்ப்பதைப் பார்ப்பேன். எங்கே விரல் தயங்குகிறதோ அதுதான் அன்றைய பாடம்.

கடைசியாகக் கேபிள். ஸ்டிக் வந்ததும் பிள்ளைகள் செய்யும் முதல் காரியம் கேபிளைத் துண்டிப்பது. "ரெண்டுக்கும் எதுக்குப் பணம்?" என்று கேட்கிறார்கள். எங்கள் பக்கத்துத் தெருவில் கணவரை இழந்து தனியாக இருக்கும் ஒரு மாமி, ஸ்டிக்கை நன்றாகவே இயக்குவார். ஆனாலும் காலையில் எழுந்ததும் போடுவது கேபிள்தான். "அதுல எதையும் தேட வேண்டாம்டி. போட்டா யாராவது பேசிண்டிருப்பா. சமையலறைல இருந்தா வீட்டுல ஆள் இருக்கிற மாதிரி இருக்கு" என்றார். ஸ்டிக்கால் அதைக் கொடுக்க முடியாது. அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஓடவிட ஒருவர் எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும். மாதம் சில நூறு ரூபாய் மிச்சமாகும் என்று அந்தக் குரல்களை நிறுத்திவிடாதீர்கள். போதும், எடுத்துவிடு என்று அவர்களே சொல்லும்வரை கேபிள் இணைப்பு இருக்கட்டும்.